ஒரு நாள் பட்டாபிஷேகம்

1949-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், ஷீபைபோ என்னும் சிறு கிராமத்திலிருந்து பீகிங் நகரை நோக்கிப் புறப்பட்டார் மா ஸே துங். இருபது வருஷத்துக்கு மேலாகக் காட்டிலும் மலையிலும் குகையிலும் படை நடத்தியவர்களின் கைக்கு ராஜதானியே வந்து சேர்ந்திருந்த சமயம். ஆனந்தக் கூத்தாட வேண்டிய அந்த வேளையில், பரீட்சை எழுதப் போகும் மாணாக்கனைப் போல் போகிறோம் என்று அவர் தம் சகாக்களிடம் வேடிக்கையாகச் சொன்னாராம். சொல்லிவிட்டு, நாம் ஒருக்காலும் லீ ஸூ-செங்காக ஆகிவிடக் கூடாது என்றும் சேர்த்துக் கொண்டாராம்.

யார் இந்த லீ ஸூ-செங்? சீன தேசத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரிந்த பெயர் இது. நம் நாட்டுச் சரித்திரப் புத்தகங்களிலோ, "1644-இல் மிங் வம்சம் முடிந்தது, மஞ்சு வம்சம் தொடங்கியது" என்று ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குத் தாவி விடுகிறோம். நானும் வகுப்பில் பல வருஷம் அப்படித் தாவியவன்தான். அந்த வரியின் நடுவில் உள்ள காற்புள்ளிக்குள் ஒரு மனிதன் நிற்கிறான். இரு வம்சங்களுக்கும் இடையே ஆறு வாரம் பீகிங் அரண்மனையில் வாசம் செய்து, ஒரே ஒரு நாள் முறைப்படி முடிசூடிய சக்கரவர்த்தி அவன்.

லீ ஸூ-செங் 1606-இல் ஷென்ஸி மாகாணத்தின் வடபகுதியில், மீஜீ என்னும் ஊர்ப் புறத்தில் பிறந்தான். மழை பெய்தால் பிழைக்கலாம், பெய்யாவிட்டால் ஓடலாம் என்ற நிலையிலுள்ள மஞ்சள் மண் பூமி அது. குடும்பமோ ஏழைக் குடும்பம். வளர்ந்தபின் சர்க்கார் தபால் சாவடி ஒன்றில் அவனுக்கு வேலை கிடைத்தது. அந்நாளில் அரசாங்கக் கடிதங்களையும் பிரயாணம் செய்யும் அதிகாரிகளையும் ஊருக்கு ஊர் குதிரை மாற்றி அனுப்புவதற்காகச் சீனா முழுவதும் சாவடிகள் இருந்தன. குதிரையைப் பராமரிப்பது, தீனி வைப்பது, கடிதத்தைச் சுமந்து கொண்டு ஓடுவது ஆகிய இவற்றுக்கெல்லாம் ஆயிரக்கணக்கான சிப்பந்திகள் உண்டு. சம்பளம் அற்பமானாலும் வயிறு கழுவப் போதும்.

இந்தச் சாவடிகளின் மேல்தான் பீகிங்கிலிருந்த சிக்கன நிபுணர்களின் கண் விழுந்தது. அதிகாரிகள் சொந்தக் காரியத்துக்கும் சர்க்கார் குதிரையையே உபயோகிக்கிறார்கள், செலவு மிஞ்சிப் போகிறது என்ற புகார் பொய்யன்று. ஆனால் 1629-இல் அவர்கள் கண்ட பரிகாரம் என்னவென்றால், சாவடிகளைக் குறைத்து, சிப்பந்திகளை வீட்டுக்கு அனுப்பி விடுவது. ஓசிக் குதிரையில் போன அதிகாரிகளுக்கு ஒரு குறைவும் வரவில்லை. குதிரைக்குத் தீனி வைத்தவன் தெருவில் நின்றான். அப்படி நின்றவர்களில் ஒருவன் லீ ஸூ-செங்.

அவன் வேலையிழந்த காலத்தையும் கவனிக்க வேண்டும். ஷென்ஸியில் அப்போது கொடிய பஞ்சம். அவ்வருஷமே மா மௌ-ட்ஸாய் என்ற அதிகாரி, தம் சொந்த ஜில்லாவில் கண்டவற்றைச் சக்கரவர்த்திக்கு விண்ணப்பமாக எழுதினார். ஜனங்கள் முதலில் மலைப் புல்லின் விதையைத் தின்றார்கள். அது தீர்ந்ததும் மரப்பட்டையைத் தின்றார்கள். அதுவும் தீர்ந்ததும் மலையிலிருந்து ஒருவகைக் கல்லைத் தோண்டிப் பொடித்துத் தின்று, வயிறு வீங்கி இறந்தார்கள். பட்டினி கிடந்து சாவதைவிடக் கொள்ளையடித்துச் சாவது மேல் என்று பலர் துணிந்துவிட்டார்கள் என்றும் அவர் மறைக்காமல் எழுதினார். இத்தனைக்கும் நடுவே நிலவரியின் மேல் மேல்வரி ஏறிக்கொண்டே இருந்தது. வடகிழக்கே மஞ்சுக்களோடு செய்யும் யுத்தத்துக்கென்று 1618 முதல் ஒன்று. உள்நாட்டுக் கலகக்காரர்களை அடக்குவதற்கென்று 1637-இல் ஒன்று. புதுப்படைகளைப் பயிற்றுவதற்கென்று 1639-இல் ஒன்று. கலகத்தை அடக்க வரி, வரியைத் தாங்க மாட்டாமல் கலகம், அதை அடக்க மறுபடியும் வரி!

அச்சமயம் சிம்மாசனத்தில் இருந்த சுங்-சென் சக்கரவர்த்தியைக் கொடுங்கோலன் என்று சொல்வது நியாயமாகாது. 1627-இல் பதினாறு வயதில் பட்டத்துக்கு வந்தவர். சோம்பலோ சிற்றின்பமோ அறியாதவர். இரவு பகலாக விண்ணப்பங்களைப் படித்தவர். அவருடைய நோய் சந்தேகம். பதினேழு வருஷத்துக்குள் பிரதம ஆலோசகர்களாக அவர் அமர்த்திய மந்திரிகள் சுமார் ஐம்பது பேர். மஞ்சுக்களைத் தடுத்து நிறுத்திய யுவான் சுங்-ஹுவான் என்ற சிறந்த தளகர்த்தரைத் துரோகி என்று நம்பி, 1630-இல் சித்திரவதை செய்து கொல்வித்தார். இப்படிப்பட்ட எஜமானிடம் உண்மையைச் சொல்ல எவன் முன்வருவான்?

லீ ஸூ-செங் கலகக் கூட்டத்தில் சேர்ந்து படிப்படியாக உயர்ந்த வரலாற்றை விரிக்கப் புகுந்தால் இந்தப் பத்தி போதாது. காவ் யிங்-ஸியாங் என்ற தலைவன் 1636-இல் பிடிபட்டு மாண்டபின், அவனுக்கிருந்த "பாய்ந்து வரும் ராஜா" என்ற பட்டப்பெயர் லீக்கு வந்தது. 1638-இல் சர்க்கார் படையிடம் படுதோல்வி அடைந்து, பதினெட்டுக் குதிரை வீரர்களோடு மலைக்குள் ஓடி ஒளிந்தான் என்பார்கள். அடுத்த மூன்று வருஷத்துக்குள் அதே மனிதன் ஹோனான் மாகாணத்தில் லட்சக்கணக்கான ஜனங்களுக்குத் தலைவனாகி விட்டான். ஹோனானிலும் பஞ்சம் வந்ததே காரணம்.

1641-இல் லோயாங் நகரம் அவன் வசமாயிற்று. சக்கரவர்த்தியின் சிற்றப்பனாகிய பூ இளவரசர் அங்கே வாழ்ந்து வந்தார். மிங் குலத்து இளவரசர்களில் அவரைப் போல் செல்வம் படைத்தவர்கள் சிலரே; அவரைப் போல் பருத்தவர்களும் சிலரே. நகரத்துக்கு வெளியே ஜனங்கள் பட்டினியால் மடிந்து கொண்டிருந்தபோது அவருடைய களஞ்சியங்கள் நிரம்பி வழிந்தன. காவல் நின்ற சிப்பாய்களுக்குக்கூட ஒழுங்காகச் சம்பளம் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. அந்தச் சிப்பாய்களிலேயே சிலர் கதவைத் திறந்து விட்டார்கள். லீ ஸூ-செங் இளவரசரைக் கொன்று, களஞ்சியத்தைத் திறந்து தானியத்தை ஏழைகளுக்கு வாரி வழங்கினான். "பாய்ந்து வரும் ராஜா வந்தால் வரி கிடையாது" என்ற கருத்துள்ள பாட்டைக் குழந்தைகள் வீதியில் பாடித் திரிந்தனவாம்.

இந்தப் பிரசாரமெல்லாம் லீ யென் என்ற படித்த கனவான் ஒருவர் வகுத்த உபாயம் என்று பழைய நூல்கள் கூறும். அப்படி ஒருவர் இருந்தாரா, நாவலாசிரியர்கள் படைத்த பாத்திரமா என்று ஐயுறும் அறிஞர்களும் உண்டு. பாமரத் தலைவன் நல்லது செய்தால் அதற்கு ஒரு படித்தவன் காரணமாக இருந்திருக்க வேண்டும் என்று படித்தவர்கள் நினைப்பது எல்லாத் தேசத்திலும் வழக்கம் போலும்!

இதற்கு நேர்மாறான சித்திரமும் உண்டு. அடுத்த வருஷம் காய்பெங் நகரத்தை லீயின் படை மாதக்கணக்கில் முற்றுகையிட்டது. முன்பே அந்நகரின் மதிலிலிருந்து வந்த அம்பினால் அவன் ஒரு கண்ணை இழந்திருந்தான். 1642 இலையுதிர் காலத்தில் மஞ்சள் நதியின் கரை உடைக்கப்பட்டது. உடைத்தது அவர்கள்தாம் என்று இரு கட்சியாரும் ஒருவர்மேல் ஒருவர் பழி சுமத்தினார்கள். லட்சக்கணக்கான ஜனங்கள் பசியாலும் வெள்ளத்தாலும் மாண்டார்கள்.

1643-இல் ஸியான் நகரம் விழுந்தது. 1644 பிப்ரவரியில் அங்கே, சந்திரமான வருஷப் பிறப்பன்று, "ஷுன்" என்ற புதிய வம்சத்தை லீ ஸூ-செங் பிரகடனம் செய்தான். மந்திரிகளை நியமித்தான், செப்புக் காசு வார்ப்பித்தான். பிறகு கிழக்கே திரும்பினான். வழியிலிருந்த கோட்டைகளில் அநேகம் எதிர்ப்பின்றித் திறந்தன.

பீகிங்கில் கஜானா காலி. சிப்பாய்களுக்குப் பல மாதச் சம்பளம் பாக்கி. முந்திய வருஷத்துக் கொள்ளை நோய் வேறு நகரத்தைச் சூறையாடியிருந்தது. சக்கரவர்த்தி வெட்கத்தை விட்டுப் பிரபுக்களிடம் நன்கொடை கேட்டார். அவருடைய சொந்த மாமனார் ஸௌ குவெய், தம்மிடம் பணமே இல்லை என்று அழுது, மிகவும் வற்புறுத்தியபின் 10,000 தாயேல் வெள்ளி தர இசைந்தார் (ஒரு தாயேல் ஏறக்குறைய 37 கிராம் எடை). அது போதாதென்று தெரிந்ததும், மகளாகிய பட்டத்து ராணி தன் கைப்பணத்தில் 5,000 தாயேல் ரகசியமாக அனுப்ப, அதிலும் 2,000-ஐ மாமனார் தமக்கென்று நிறுத்திக் கொண்டார் என்று அக்காலத்தவர் எழுதி வைத்திருக்கிறார்கள். சில வாரத்துக்குப் பின் கலகக்காரர்கள் அதே வீட்டிலிருந்து பல லட்சம் தாயேல் எடுத்தார்கள்.

ஏப்ரல் 24-ஆம் தேதி இரவு அரண்மனையில் நடந்ததை எழுதக் கை நடுங்குகிறது. சக்கரவர்த்தி தம் பிள்ளைகளுக்குப் பழந்துணி உடுத்தி வெளியே அனுப்பினார். ராணி தூக்கிட்டுக் கொண்டாள். இளைய மகளைச் சக்கரவர்த்தியே வாளுக்கு இரையாக்கினார். பதினைந்து வயதுக்குள்ளான மூத்த மகளை வெட்டியபோது அவள் கையை இழந்து உயிர் தப்பினாள். விடிந்ததும் சபை கூட்டும் மணியை அடிக்கச் செய்தார். ஒருவரும் வரவில்லை. அரண்மனைக்குப் பின்னாலுள்ள நிலக்கரிக் குன்றின்மேல் ஏறி, ஒரு மரத்தில் தூக்கிட்டு உயிர் விட்டார். உடன் இறந்தவன் வாங் செங்-என் என்ற அண்ணகன் ஒருவனே. ஐம்பது மந்திரிகளை மாற்றிப் பார்த்தவருக்குக் கடைசியில் மிஞ்சியது ஓர் அந்தப்புர வேலைக்காரன். அப்போது அவருக்கு வயது முப்பத்து மூன்று.

அன்று பகலில் லீ ஸூ-செங் கம்பளித் தொப்பியும் வெளிர்நீல அங்கியும் அணிந்து, கறுப்புப் புள்ளிக் குதிரையின்மேல் நகரத்துக்குள் வந்தான். அரண்மனை வாயிலின் மேல் எழுதியிருந்த பெயர்ப்பலகையைக் கண்டதும் வில்லை எடுத்து, பலகையின் நடுவில் அம்பு பாய்ந்தால் தேசம் முழுவதும் எனக்கே என்று சொல்லி எய்தானாம். அம்பு "வானம்" என்ற எழுத்துக்குக் கீழே தைத்தது. எல்லாரும் திகைத்தார்கள். மந்திரி நியூ ஜின்-ஸிங் முன்வந்து, கீழே பட்டதனால் வானத்தின் கீழுள்ளதில் பாதி தங்களுக்கு என்று பொருள் சொன்னார். லீ சிரித்து வில்லைக் கீழே போட்டான். அந்த வாயில்தான் பிற்பாடு புதுப்பிக்கப்பட்டுத் தியானன்மென் என்று பெயர் பெற்றது. 1949 அக்டோபரில் அதே வாயிலின் மேல் நின்றுதான் மா ஸே துங் புதிய அரசைப் பிரகடனம் செய்தார்.

முதல் சில நாள் நகரத்தில் ஒழுங்கு இருந்தது. கொள்ளையடித்த சிப்பாய்களுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது, கடைகள் திறந்தன. பழைய உத்தியோகஸ்தர்களில் பெரும்பாலோர், மூன்றாம் நாளே புது எஜமானனைக் கும்பிட வரிசையில் வந்து நின்றார்கள். அவர்களை எவனும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அரண்மனை வாசலில் காத்துக் கிடந்தவர்களைச் சிப்பாய்கள் பரிகசித்து வேடிக்கை பார்த்தார்கள்.

இங்கேதான் லீ ஸூ-செங்கின் ராஜ்யத்திலிருந்த ஓட்டை வெளிப்படுகிறது. ஜனங்களுக்கு வரியில்லை என்று வாக்குக் கொடுத்தாகிவிட்டது. மிகப் பெரிய படை உண்ண வேண்டும். கஜானாவிலோ ஒன்றுமில்லை. பணம் எங்கிருந்து வரும்? உத்தியோகத்தில் சம்பாதித்தவர்களிடமிருந்துதான் வர வேண்டும். பதவிவாரியாகத் தொகை நிர்ணயிக்கப்பட்டது: பிரதம ஆலோசகர் என்றால் 100,000 தாயேல், இலாகா மந்திரிகள் முதலியோர் 70,000, 50,000, அல்லது 30,000, கீழ் உத்தியோகஸ்தர்கள் ஆயிரக்கணக்கில். கொடுக்காதவர்களின் கால்களை இடுக்கி நசுக்குவதற்கு மரக் கருவிகள் செய்யப்பட்டன. இந்தக் காரியத்தை மேற்பார்த்தவன் லியூ ஸுங்-மின். அவன் முன்பு கொல்லன்; போரில் சூரன். அவன் வீட்டு முற்றத்தில் முன்னாள் மந்திரிகளின் ஓலம் இரவும் பகலும் கேட்டது. முதலில் பிரபுக்கள், பிறகு வியாபாரிகள், பிறகு கொஞ்சம் வசதியுள்ளவர் எவரும் என்று வலை விரிந்தது. தலைவர்களைக் கண்டு சிப்பாய்களும் கட்டவிழ்ந்து வீடுகளில் புகுந்தார்கள்.

இதைக் காட்டுமிராண்டித்தனம் என்று மட்டும் சொல்லி முடிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. லஞ்சம் வாங்கிக் குவித்தவர்களிடமிருந்து பணத்தைப் பிடுங்குவது நியாயமே என்று ஷென்ஸிக் குடியானவன் நினைத்ததில் ஆச்சரியமென்ன? கல்லைத் தின்ற ஊரிலிருந்து வந்தவன் அவன்! தவறு வேறிடத்தில் இருந்தது. பிடுங்கும் பணம் ஒருமுறைதான் வரும். வருஷந்தோறும் நியாயமாக வரி தண்டி நாட்டை நடத்தும் ஏற்பாட்டை அவர்கள் செய்யவே இல்லை. வாங்கிய வெள்ளியையும் கட்டிகளாக உருக்கி ஸியானுக்கு மூட்டை கட்டினார்கள். பீகிங்கில் தங்குவதற்கு வந்தவன் அப்படிச் செய்வானா? தபால் சாவடிச் சிப்பந்தி, பீகிங்கையும் குதிரை மாற்றும் ஒரு சாவடியாகவே நினைத்தான் போலும்.

மந்திரி நியூ ஜின்-ஸிங்குக்கோ பட்டாபிஷேக ஒத்திகையிலும், புதிய ஆட்சிக்குப் பரீட்சை நடத்தி ஆள் எடுப்பதிலும் பொழுது போயிற்று. ஏறக்குறைய 180 மைல் கிழக்கே, பெருஞ்சுவர் கடலைத் தொடும் ஷான்ஹாய் கணவாயில் மிங் அரசின் கடைசி நல்ல படையோடு வூ ஸான்-குவெய் என்ற தளகர்த்தன் இருந்தான். கணவாய்க்கு அப்பால் மஞ்சுக்கள். அவர்களுடைய அரசன் முந்திய வருஷம் இறந்து, ஆறு வயதுப் பாலகன் பட்டத்திலிருந்தான். அவன் சிற்றப்பன் டோர்கொன் ராஜ்யத்தை நடத்தினான்.

வூ ஸான்-குவெய் முதலில் லீக்கு அடங்க இசைந்து பீகிங்கை நோக்கிப் புறப்பட்டான் என்றும், பாதி வழியில் திரும்பினான் என்றும் சொல்வார்கள். ஏன் திரும்பினான்? சென் யுவான்-யுவான் என்ற தன் காதற்கிழத்தியை லியூ ஸுங்-மின் கவர்ந்து கொண்டான் என்று கேட்டுக் கொதித்தான் என்பது கவிகள் பரப்பிய கதை. ஒரு ராஜ்யம் கவிழ்ந்தால் அதற்கு ஒரு பெண்ணைக் காரணமாக்குவது ஆண்மக்கள் எழுதும் சரித்திரத்துக்குப் பழக்கம். பீகிங்கில் அவனுடைய தகப்பனாரையும் பணத்துக்காக வாட்டினார்கள் என்ற செய்தியே போதாதா? அடங்கினால் தனக்கும் அந்த மர இடுக்கிதான் என்று அறிவதற்குத் தளகர்த்தன் மூளை எதற்கு?

அவன் டோர்கொனுக்குக் கடிதம் எழுதினான். கலகக்காரரை அடக்க உதவி செய்தால் நிலமும் பொருளும் தருவதாக, ராஜா வீட்டுச் சேனாதிபதி அண்டை நாட்டாரிடம் கேட்கும் பாவனையில்தான் கேட்டான். டோர்கொன் அனுப்பிய மறுமொழியில், எங்களிடம் சரணடைந்தால் உனக்கு இளவரசர் பட்டம் தருவோம் என்றிருந்தது.

லீ ஸூ-செங் தானே படை நடத்திக் கிழக்கே சென்றான். அறுபதினாயிரம் பேர் என்பது பொதுவான கணக்கு. 1644 மே 27-ஆம் தேதி கணவாய்க்கு உட்புறத்தில் நாள் முழுவதும் வூவின் படையோடு போர். வூவின் வீரர்கள் களைத்துப் போன நேரத்தில் பெரும் புழுதிக்காற்று எழுந்தது. அது அடங்கியபோது, தலையை முன்புறம் மழித்த குதிரை வீரர்கள் பக்கவாட்டிலிருந்து பாய்ந்து வருவதைக் குன்றின்மேலிருந்து லீ கண்டான். மஞ்சுக்கள் வந்துவிட்டார்கள் என்று கூவியபடி அவன் படை சிதறிற்று.

திரும்பும் வழியில் வூவின் தகப்பனாரைக் கொன்றான்; பீகிங்குக்கு வந்து குடும்பத்தாரையும் கொன்றான். பிறகு ஜூன் 3-ஆம் தேதி, ஆறு வாரமாகத் தள்ளிப்போட்டு வந்த பட்டாபிஷேகத்தை நடத்தினான். பிரதான மண்டபத்தில் அல்ல. பக்கத்து மண்டபம் ஒன்றில். கிரீடம் தரித்து வணக்கம் பெற்றுக் கொண்டான். வானத்துக்குச் செய்யவேண்டிய பூஜையை அவனுக்குப் பதிலாக நியூ ஜின்-ஸிங் செய்து முடித்தார். அன்றிரவே அரண்மனைக்கும் நகர வாயில்களுக்கும் தீ வைத்துவிட்டு, மறுநாள் விடியலில் மேற்கே ஓடினான்.

இரண்டொரு நாளில் பீகிங்கின் பெரியவர்கள், வூ ஸான்-குவெய் மிங் பட்டத்து இளவரசரை அழைத்து வருகிறான் என்று நம்பி, ராஜ மரியாதைகளோடு நகரத்துக்கு வெளியே காத்து நின்றார்கள். வந்த கூட்டத்திலிருந்து ஓர் அந்நியன் இறங்கி, ராஜரதத்தில் ஏறி, நானே ராஜப் பிரதிநிதி என்றான். டோர்கொன்தான் அவன். அவர்கள் வாயடைத்துப் போனார்கள். டோர்கொன் கெட்டிக்காரன், இறந்த மிங் சக்கரவர்த்திக்கு மூன்று நாள் துக்கம் கொண்டாடும்படி உத்தரவிட்டான், மேல்வரிகளை ரத்து செய்வதாக அறிவித்தான், பழைய உத்தியோகஸ்தர்களை அவரவர் ஸ்தானத்திலேயே இருக்கச் சொன்னான். மறுவருஷம் சீன ஆண்மக்கள் யாவரும் மஞ்சுக்களைப் போல் முன்தலையை மழித்துப் பின்சடை வளர்க்க வேண்டும், மறுத்தால் தலை போகும் என்ற கட்டளை பிறந்தது. அந்த அந்நிய ஆட்சி 1912 வரை நீடித்தது.

லீ ஸூ-செங் ஷென்ஸிக்குச் சென்றான். 1645 தொடக்கத்தில் மஞ்சுப் படை அங்கும் வந்தது. தெற்கே ஹூபே மாகாணத்துக்கு ஓடினான். அவ்வருஷக் கோடையில் ஜியூகுங் மலையருகே, உணவு தேடியோ வழி பார்க்கவோ சிலரோடு மட்டும் போனபோது, அவ்வூர்க் குடியானவர்கள் அவர்களைக் கொள்ளைக்காரர்கள் என்று சூழ்ந்து கொண்டார்கள். குதிரை சேற்றில் அழுந்தியது. மண்வெட்டியால் தலையில் அடிபட்டு இறந்தான் என்பது மிங் சரித்திரம் பதிவு செய்துள்ள வரலாறுகளில் ஒன்று. தாம் அடித்தது யாரை என்று அடித்தவர்களுக்குத் தெரியாது.

மஞ்சுத் தளகர்த்தன் அவனை அறிந்தவர்களை அனுப்பி உடலைப் பார்த்துவரச் சொன்னான். அழுகிவிட்டது, அடையாளம் காண முடியவில்லை என்று திரும்பி வந்தார்கள். அந்த ஐயத்தில் முளைத்தது வேறொரு கதை: இறந்தவன் வேறு யாரோ, லீ ஸூ-செங் ஹூனான் மாகாணத்தில் ஒரு பௌத்த மடத்தில் துறவியாகி முதுமையில் காலமானான் என்று. ஹூபே மலையில் ஒரு கல்லறை இருக்கிறது. ஹூனான் மடத்தருகே ஒரு கல்லறை இருக்கிறது. எங்கள் ஊரில் இருப்பதே உண்மையானது என்று இரண்டு பக்கத்தாரும் வழக்காடி வருகிறார்கள்.